குழாயைக் கழற்றிப் பார்க்காமல் மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுப் பராமரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சொட்டுகிற குழாயை ரிப்பேர் செய்வது வீண் செலவு, புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடுவதே லாபம் என்று அதில் எழுதியிருந்தது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஆறு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருப்பவள் நான். சமையலறை, குளியலறை, டாய்லெட், வாசல், மொட்டை மாடி என்று எல்லாம் சேர்த்தால் முப்பதுக்கு மேல் குழாய்கள். ஏதாவது ஒன்று எப்போதும் மக்கர் பண்ணிக்கொண்டேதான் இருக்கும். கட்டுரையாளர் சொன்னபடி நடந்திருந்தால் என் வாடகை வருமானத்தில் ஒரு பங்கு ஹார்டுவேர் கடைக்காரருக்கே போயிருக்கும். அதற்காக, எதையும் மாற்றாதே, கட்டுப் போட்டே ஓட்டு என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை மாற்றுவது, எதை விடுவது என்பது குழாயைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் தெரியும். வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

குழாய் ஒழுகுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். எங்கே ஒழுகுகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சுவரை ஒட்டிக் கசிந்தால் பெரும்பாலும் குழாயில் குறையே இருக்காது. மரையில் சுற்றிய டெஃப்லான் டேப் போயிருக்கும், கழற்றிப் புது டேப் சுற்றி மாட்டினால் சரியாகிவிடும். பழைய திருகுக் குழாயில் கைப்பிடிக்குக் கீழே தண்ணீர் கசிந்தால் அங்கே தண்டைச் சுற்றி இருக்கிற கிளாண்ட் நட் என்ற திருகு வளையத்தைக் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கிப் பார்க்க வேண்டும். பல நேரம் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் உள்ளே சுற்றியிருக்கிற நூலை மாற்ற வேண்டும். மூடிய பிறகும் வாய் வழியாகச் சொட்டினால்தான் வாஷரோ, கைப்பிடியோடு சேர்ந்து சுழலுகிற ஸ்பிண்டில் என்ற உள்பாகமோ போயிருக்கிறது என்று அர்த்தம். குழாயின் உடம்பிலேயே விரிசல் விட்டுக் கசிந்தால் அப்போது பேச்சே இல்லை, மாற்றிவிட வேண்டியதுதான். அதற்கு மேல் எம்‌‌-சீல் பசை வைத்துப் பூசுவதெல்லாம் ஒரு வாரத்துக்குக் கூடத் தாங்காது.

தண்ணீர் மெல்லிசாக வருகிறது என்று குழாயையே மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மாடி போர்ஷனில் இருக்கும் பெண் ஒருநாள் வந்து, "ஓனரம்மா, சிங்க் குழாயில் தண்ணியே வரலை, புதுசு போட்டுக் கொடுங்க" என்றாள். குழாய் வாயில் இருக்கிற ஏரேட்டரைத் திருகி எடுத்துப் பார்த்தால், அந்தச் சல்லடை முழுக்க வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினோம். பழையபடி வந்தது. போர்வெல் தண்ணீர் வருகிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. காவிரித் தண்ணீரில் அந்த அளவுக்குப் படியாது. ஆனால் அதில் வேறு தொல்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். திறந்துவிட்டவுடன் பைப்பில் தங்கியிருக்கும் துருவும் மண்ணும் முதலில் வரும். அதை வாசல் குழாயில் கொஞ்சம் ஓடவிட்டுவிட்டு அப்புறம் சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டிக்கு விட வேண்டும். நான் வாடகைக்கு வருகிறவர்களிடம் சாவி கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவேன்.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, ஹோட்டல்கள், வணிக வளாகங்கள், அபார்ட்மெண்டுகளில் குழாய்களுக்கு ஏரேட்டர் போட வேண்டும் என்று நீர் வாரியம் உத்தரவு போட்டது நினைவிருக்கும். நல்ல உத்தரவுதான். போட்ட ஏரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்றும் யாராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சரி, வாய் வழியாகச் சொட்டுகிற குழாய்க்கு வருகிறேன். இதில்தான் ரிப்பேரா மாற்றமா என்ற கேள்வியே எழுகிறது. நம் வீடுகளில் இரண்டு ஜாதிக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்று, பல சுற்று திருகித் திறக்கிற பழைய பித்தளைக் குழாய். அதன் உள்ளே ஒரு ரப்பர் வாஷர், கீழே இருக்கிற சீட் என்ற வட்ட விளிம்பின் மேல் போய் அழுந்தி உட்கார்ந்து தண்ணீரை நிறுத்தும். ரப்பர் தேய்ந்தால் சொட்டும். சொட்டுகிறதே என்று நம் ஆட்கள் இன்னும் பலமாகத் திருகி மூடுவார்கள், வாஷர் இன்னும் நசுங்கும். வாஷர் விலை சில ரூபாய்கள்தான். குழாயின் உடம்பு கனமான பித்தளையாக இருந்தால் அதைத் தூக்கி எறிவது பாவம். ஆனால் வாஷர் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி சொட்டினால், குறை வாஷரில் இல்லை, சீட்டில். உள்ளே விரலை விட்டுத் தடவினால் சொரசொரப்பு தெரியும், சில சமயம் தண்ணீர் அரித்த பள்ளமே தட்டுப்படும். முன்பெல்லாம் பிளம்பர் பையில் சீட் கட்டர் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். அதை உள்ளே விட்டுச் சுற்றினால் சீட் மறுபடி மட்டமாகிவிடும். எங்கள் ஏரியாவில் இப்போது வருகிற தம்பிகளில் பலர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கட்டர் கிடைக்காவிட்டால் அந்தக் குழாயை மாற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் வாஷர் போட்டுப் போட்டு ஏமாறுவதில் அர்த்தமில்லை.

இன்னொன்று, கால் சுற்றில் திறந்து மூடுகிற இந்தக் காலத்துக் குழாய். இதில் வாஷருக்குப் பதிலாக இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து சுழலும். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். தட்டு ரொம்பக் கெட்டி, லேசில் தேயாது. ஆனால் நான் சொன்ன அந்த மண் துகள் நடுவில் மாட்டினால் கீறிவிடும், அப்புறம் சொட்ட ஆரம்பித்துவிடும். தட்டை மட்டும் சரி செய்ய முடியாது, ஸ்பிண்டிலை முழுசாக மாற்ற வேண்டும். அதுவும் சுலபம்தான். மெயின் வால்வை மூடி, கைப்பிடியின் மூடியை நெம்பி, திருகாணியைக் கழற்றி, ஸ்பானரால் ஸ்பிண்டிலை எடுத்துவிடலாம். ஆனால் அது போலவே இன்னொன்று கிடைக்க வேண்டுமே! அங்கேதான் சிக்கல்.

ஸ்பிண்டில் பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் கைப்பிடி மாட்டுகிற பற்கள் கூட இருக்கும், ஒன்றில் குறைவாக இருக்கும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஒன்று இடப்பக்கம் திறக்கும், ஒன்று வலப்பக்கம். வெந்நீர், தண்ணீர் இரண்டும் வருகிற மிக்ஸரில் இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறாகவே இருக்கலாம். அதனால் கடைக்குப் போகும்போது செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவது போதாது. கழற்றிய ஸ்பிண்டிலையே ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். எங்கள் தெருக்கோடிக் கடையில் கிடைக்காவிட்டால் ஹார்டுவேர் கடைகள் நிறைந்த எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போவேன். அங்கே பழைய கடைக்காரர்கள் கையில் வாங்கிப் பார்த்தவுடனே இது எந்த வகை என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயும் இல்லையென்றால்தான் புதுக் குழாய் என்ற முடிவுக்கு வருவேன். உடம்பு நன்றாக இருந்தும் உள்ளே இருக்கிற ஒரு சின்னப் பொருள் கிடைக்காததால் முழுக் குழாயைக் கடாசும்போது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

மாற்றுவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுடையதைப் போன்ற பழைய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, உள்ளே துருவேறி இற்றுப்போயிருக்கும். பல வருடம் இறுகிப்போன குழாயைப் பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால், குழாய் வருவதற்கு முன்னால் சுவருக்குள் இருக்கிற எல்போ என்கிற வளைவு இணைப்பு உடைந்து வரும். பின் போர்ஷனில் இருந்தவர் என்னிடம் சொல்லாமலே குளியலறைக் குழாயை மாற்றப் போய், அப்படித்தான் ஆனது. டைல்ஸை உடைத்து, எல்போவை மாற்றி, கொத்தனாரை அழைத்துப் பூசி, பழைய டைல்ஸுக்கு ஜோடி கிடைக்காமல் வேறு நிறத்தில் நாலு ஒட்டி... குழாய் விலையைப் போலப் பல மடங்கு செலவு. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். புது வீடுகளில் சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப் இருக்கும், துரு பயம் இல்லை. ஆனால் அதிலும் ரெஞ்சில் தொங்கித் தொங்கி இறுக்கினால் பித்தளை மரை வைத்த பிளாஸ்டிக் எல்போ விரிசல் விடும். வாஷரோ ஸ்பிண்டிலோ மாற்றுவதற்குக் குழாயைச் சுவரிலிருந்து கழற்றவே வேண்டாம். ரிப்பேரின் பெரிய லாபமே அதுதான் என்பேன்.

பிளம்பர்கள் ஏன் எப்போதும் "மாத்திடலாம்மா" என்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. ஐந்து ரூபாய் வாஷர் போட்டுவிட்டு வந்து போன கூலியாக முந்நூறு ரூபாய் கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். அதே முந்நூறைப் புதுக் குழாய் மாட்டிவிட்டுக் கேட்டால் பேசாமல் கொடுத்துவிடுகிறோம். ரிப்பேர் செய்தது மறுபடி சொட்டினால் போன் போட்டு இலவசமாக வா என்கிறோம். புதுக் குழாய் கெட்டால் கம்பெனியைத் திட்டுகிறோம். இப்படி இருந்தால் அந்தத் தம்பி எதைச் சொல்வான்? நான் செய்வது இதுதான்: அவசரம் இல்லாத சின்னச் சின்னக் குறைகளைக் காலண்டரில் குறித்துவைத்து, நாலைந்து சேர்ந்தவுடன் ஒரே நாளில் பிளம்பரை வரவழைத்து, அரை நாள் கூலி என்று பேசிக் கொடுத்துவிடுவேன். அவருக்கும் திருப்தி, எனக்கும் ஒரு வாஷருக்கு இவ்வளவா என்ற எண்ணம் வராது.

அப்புறம் அந்தப் பழைய குழாய். மாற்றிய பிறகு பழையதை யார் எடுத்துப் போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கனமான பித்தளைக் குழாய் என்றால் காயலான் கடையில் எடைக்கு நல்ல விலை போகும். பித்தளையில் பெரும்பகுதி செம்பு, மீதி துத்தநாகம். அதனால்தான் வாசலில் இருக்கிற பித்தளைக் குழாய்களை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வாசல் குழாயும் ஒருமுறை போயிற்று. அன்றிலிருந்து வெளியே பிளாஸ்டிக் குழாய்தான் போட்டிருக்கிறேன். வெயிலில் காய்ந்து உடைந்தால் உடையட்டும், வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். உள்ளே மட்டும் பித்தளை.

வாங்கும்போது கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். பளபளவென்று குரோம் பூச்சோடு, தக்கையாக, விலை மலிவாக இருந்தால் அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது. போர்வெல் தண்ணீருக்கு அது தாங்காது, மரை இருக்கிற இடத்திலேயே முறிந்துவிடும், பாதி சுவருக்குள் மாட்டிக்கொள்ளும். அது சொட்ட ஆரம்பித்தால் நான் ரிப்பேர் பற்றி யோசிப்பதே இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு ஸ்பிண்டில் தனியா வெச்சிருக்கீங்களா?" என்பதுதான். இல்லை என்றால் அடுத்த குழாயைக் காட்டச் சொல்வேன். வாங்குகிற அன்றே ஒரு ஸ்பிண்டிலும் கூடவே வாங்கி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. சில கம்பெனிகள் ஏழு வருடம், பத்து வருடம் என்று உத்தரவாதம் தருகின்றன. பில்லைத்தான் நாம் பத்திரப்படுத்துவதில்லை. என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய பில்கள் இருக்கின்றன. என் மகன் அதைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு மிக்ஸருக்கு இலவசமாகப் புது ஸ்பிண்டில் வந்த பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இதெல்லாம் செலவுக் கணக்கு. தண்ணீர்க் கணக்கு வேறு. ஏறக்குறைய 4,000 சொட்டு சேர்ந்தால் ஒரு லிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் போகிறது, மாதத்துக்கு 600 லிட்டரைத் தாண்டும். பில்லில் இது தெரியாது. 2014-ல் வைத்த கட்டணம் 2025 ஏப்ரலில் ஏறும் வரை, வீடுகளுக்கு முதல் 8,000 லிட்டருக்குள் ஆயிரம் லிட்டர் 7 ரூபாய்தான். அந்தக் கணக்கில் 600 லிட்டர் என்பது நாலு ரூபாய் சில்லறை. இப்போது ஏறியிருந்தாலும், ஒரு குழாய் சொட்டுவதால் பில் எகிறிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அதே 600 லிட்டரை டேங்கர் கணக்கில் பாருங்கள். 2024 கோடையில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை நிர்ணயித்தபோது, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் 600 ரூபாய் என்று வைத்தார்கள். அப்படியென்றால் லிட்டர் பத்துப் பைசா, சொட்டிப் போனது 60 ரூபாய்.

உண்மையில் அந்தத் தண்ணீர் நம் வாசலுக்கு வந்து சேர ஆகிற செலவு பில்லில் இருப்பதைவிட அதிகம். காவிரித் தண்ணீரை மண்டியா மாவட்டத்துத் தொரெக்காடனஹள்ளியிலிருந்து 100 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மூன்று கட்டமாக மோட்டார் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் தொடங்கி நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் வரை கூடுதலாகக் கொண்டுவர வழி வந்திருக்கிறது, நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக. நீர் வாரியத்தின் செலவில் மின்சாரத்துக்கே பெரும்பங்கு போகிறது. மலையேற்றிக் கொண்டுவந்த தண்ணீர், சிங்க்கில் சொட்டிச் சாக்கடைக்குப் போகிறது. அதனால் ரிப்பேரோ மாற்றமோ, எதையாவது சீக்கிரம் செய்யுங்கள் என்பேன். எதுவும் செய்யாமல் குழாய்க்குக் கீழே பக்கெட்டை வைத்துவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

வாடகை வீடுகளில் இந்தப் பக்கெட் வைத்தியம்தான் அதிகம் நடக்கிறது. காரணம், செலவு யாருடையது என்ற இழுபறி. தேய்மானத்தால் வருகிற எதுவும், அதாவது வாஷர், ஸ்பிண்டில், டெஃப்லான் டேப், வீட்டுக்காரர் பொறுப்பு. கைப்பிடியை உடைத்தால், துணி துவைக்கும்போது பக்கெட்டைக் குழாயில் மாட்டித் தொங்கவிட்டு வளைத்தால், குடியிருப்பவர் பொறுப்பு. எங்கள் வீட்டில் சட்டம் இதுதான். காலி செய்யும்போது குழாய் சொட்டுகிறது என்று அட்வான்ஸில் கை வைக்கிற வீட்டுக்காரர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்ட பிறகு வாஷருக்கும் பிடிப்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமை என்று ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. அதற்கு இணையதளமும் இருக்கிறது. விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றின் உதிரி பாகங்கள் எங்கே கிடைக்கும், எப்படிச் சரி செய்வது என்ற விவரங்களைக் கம்பெனிகள் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். ஏசியும் ஃபிரிட்ஜும் இல்லாத வீடு உண்டு, குழாய் இல்லாத வீடு உண்டா? குழாய்க் கம்பெனிகளையும் இதில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் அதன் மாடல் எண்ணை அழியாதபடி பொறிக்க வேண்டும். அந்த மாடல் விற்பனையிலிருந்து போன பிறகும் குறிப்பிட்ட வருடங்களுக்கு ஸ்பிண்டில் கிடைக்க வேண்டும். முடிந்தால் எல்லாக் கம்பெனிகளும் ஒரே அளவு ஸ்பிண்டிலுக்கு வரட்டும். சுவரில் மாட்டுகிற மரை எல்லா ஊரிலும் அரை அங்குலம் என்று பொதுவாக இருக்கிறதே, உள்ளே இருப்பது மட்டும் ஏன் ஆளுக்கொரு விதமாக இருக்க வேண்டும்?

உங்கள் பத்திரிகையாலும் ஒன்று செய்ய முடியும். குழாயைப் பிரித்து வைத்து, ஸ்பிண்டில், கிளாண்ட் நட், வாஷர், சீட், ஏரேட்டர் எல்லாவற்றுக்கும் கடையில் சொல்கிற பெயரோடு ஒரு படம் போடுங்கள். "அந்த உள்ளே இருக்குமே, அது" என்று கையால் காட்டிக் கேட்கிற பெண்களுக்குக் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பது புதுக் குழாயைத்தான்.

இப்படிக்கு,
ச. மரகதம்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.